‘ஒனெஸ்ற்’: ஒதெல்லோ நாடகத்தில் ஓர் அடைமொழி

அகராதியிலே ஒரு சொல்லுக்குரிய பொருள்கள் எண்ணிடப்பட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைதியாகக் கிடக்கின்றன. வாழும் மனிதரின் பேச்சில் அவை அவ்வாறு கிடப்பதில்லை. ஒரு பொருள் மற்றொன்றை நெருக்குகின்றது. ஒன்றைக் கருதிச் சொன்னவன் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றான். கேட்பவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றான். மிகச் சாதாரணமாக வழங்கும் சொற்களிலேயே இது பெரிதும் நிகழ்கின்றது. அரிய சொல்லைக் கண்டால் நின்று பொருள் கேட்கும் மனம், பழகிய சொல்லைக் கேட்டதும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றது.

ஆங்கிலத்தில் ‘ஒனெஸ்ற்’ அத்தகைய பழகிய பெயரடை. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் இதனை ‘நேர்மையான’ என்று பொருள்கொண்டு அப்பாற் செல்வர். ஆனால் சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இச்சொல்லை அவ்வளவு எளிதாகக் கடந்து சென்றுவிட முடியாது. இச்சொல்லும் இதன் பண்புப்பெயரும் அந்நாடகத்தில் 52 இடங்களில் வருகின்றன என வில்லியம் எம்ப்சன் கணக்கிட்டுள்ளார். சிக்கலான சொற்களின் அமைப்பைப் பற்றி 1951இல் அவர் வெளியிட்ட நூலிலே இதற்கென ஒரு தனி அதிகாரமே உண்டு. இத்தனை தடவை ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது. ஆணுக்கு ஒரு பொருளையும் பெண்ணுக்கு வேறொரு பொருளையும் தரும் இவ்வொரே சொல்லை ஒரு தராசாக நிறுத்தி, அதன் இரு தட்டுகளிலும் இயாகோவையும் தெஸ்திமோனாவையும் ஏற்றியதன் விளைவே இந்நாடகத்தின் அவலம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் வரலாறு

‘ஒனெஸ்ற்’ என்பது இலத்தீனில் மதிப்பு, கௌரவம் என்பனவற்றைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு மொழியினூடாக ஆங்கிலத்தை அடைந்தது. இன்று ஆங்கிலத்திற் கௌரவத்தைக் குறிக்கும் ‘ஒனர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே, தொடக்கத்தில் இச்சொல் உண்மை பேசுதலைக் குறித்து எழுந்ததன்று. சமூகத்தில் மதிப்புப் பெற்றவர், தகுதியுடையவர், கண்ணியமானவர் என்பதே அதன் பழைய பொருளாகும்.

மதிப்புக்குரியவர் எனில், எதனால் மதிப்புக்குரியவர் என்ற வினா எழும். இவ்வினாவுக்குச் சமூகம் ஆணுக்கு ஒரு விடையும் பெண்ணுக்கு வேறொரு விடையும் வைத்திருந்தது. ஆணின் மதிப்பு அவனது வாக்கிலும் கொடுக்கல் வாங்கலிலும் தங்கியிருந்தது. பெண்ணின் மதிப்போ அவளது கற்பில் மாத்திரம் தங்கியிருந்தது. ஆகவே ஆண்மீது ஏற்றப்படும்போது ‘நம்பத்தக்கவன்’ எனவும், பெண்மீது ஏற்றப்படும்போது ‘கற்புடையவள்’ எனவும் இச்சொல் பிளவுபட்டது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியிலும் கற்புடைமை இச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாக இடம்பெற்றிருப்பது மனங்கொள்ளத்தக்கது.

சேக்ஸ்பியர் காலத்து நாடக உலகம் இப்பிளவை நன்கு அறிந்திருந்தது. தொமஸ் டெக்கரும் தொமஸ் மிடில்டனும் இணைந்தெழுதி 1604இல் வெளிவந்த ஒரு நாடகத்தின் தலைப்பு, விலைமகள் ஒருத்திக்கு இவ்வடைமொழியைச் சூட்டியது. அம்முரண் உடனே விளங்கியதாலேயே அது தலைப்பாயிற்று. ‘ஹம்லெற்’ நாடகத்திலோ தந்தை, மகள் இருவரும் இச்சொல்லுக்கு உள்ளாகின்றனர். பொலோனியசிடம் ஹம்லெற் இச்சொல்லைக் கூறும்போது அது உலகில் அரிதாகிவிட்ட நாணயத்தைக் குறிக்கின்றது. அவர் மகள் ஒபீலியாவிடம் அதே சொல்லைக் கொண்டு வினவும்போது அது அவளது கற்பைப் பற்றிய வினாவாகின்றது.

இவ்விரண்டோடு மூன்றாவது சாயல் ஒன்றும் அக்காலத்தில் உண்டு. மேலோர் தமக்குக் கீழ்ப்பட்டவரை அன்போடும், ஆனால் உயரத்திலிருந்தும் தட்டிக்கொடுத்து அழைப்பதற்கு இச்சொல் பயன்பட்டது. வேலையை ஒழுங்காகச் செய்பவன், ஒளிவுமறைவின்றிப் பேசுபவன், கூட இருந்து குடிக்கத்தக்கவன், ஆயினும் நமக்குச் சமமானவன் அல்லன் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. இச்சாயலை எம்ப்சன் மிக நுட்பமாக எடுத்துக்காட்டியுள்ளார்.

2. பாராட்டும் பதவியும்

‘ஒதெல்லோ’ 1604 நவம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்து மன்னரின் அவையில் நடிக்கப்பட்டமைக்குப் பதிவு உண்டு. நாடகத்தின் கதை பலரும் அறிந்ததே. வெனிஸ் அரசின் படைத்தலைவனான கறுப்பினத்தவன் ஒதெல்லோ, செல்வர் மகள் தெஸ்திமோனாவை அவள் தந்தை அறியாது மணக்கின்றான். அவனுடைய கொடிதாங்கும் அதிகாரியான இயாகோ, துணைத்தளபதிப் பதவி தனக்குக் கிடையாது கசியோவுக்குக் கிடைத்தமையால் மனம் புழுங்குகின்றான். தெஸ்திமோனாவுக்கும் கசியோவுக்கும் தகாத தொடர்பு உண்டென ஒதெல்லோவை அவன் நம்பச் செய்கின்றான். ஒதெல்லோ மனைவியைக் கொன்று, பின்னர் உண்மை அறிந்து தன்னையும் மாய்த்துக்கொள்கின்றான். சேக்ஸ்பியருக்கு மூலமாயமைந்த, 1565இல் வெளியான சிந்தியோவின் இத்தாலியக் கதையில், கொடிதாங்கி அப்பெண்ணின்மீது கொண்ட நிறைவேறாக் காதலே சூழ்ச்சிக்குக் காரணமாகின்றது. அதனை ஒதுக்கிப் பதவிக் குறையை முன்னிறுத்தியவர் சேக்ஸ்பியர்.

இம்மாற்றத்துக்கும் நாம் ஆராயும் சொல்லுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஒதெல்லோ கசியோவை அழைக்கும்போது மைக்கேல் என்ற அவனது இயற்பெயரால் அழைக்கின்றான். இயாகோவை அழைக்கும்போதோ இவ்வடைமொழி முன்னே வந்து நிற்கின்றது. பதவி கிடைத்தவனுக்குப் பெயர். பதவி கிடையாதவனுக்கு அடைமொழி. கசியோவும் இயாகோவை அவ்வாறே பாராட்டுகின்றான். தெஸ்திமோனாவும் அவனை அத்தகைய ஓர் ஆள் என்றே குறிப்பிடுகின்றாள். எல்லோரும் மனமாரத்தான் பாராட்டுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு பாராட்டும் அவனை அவனுக்குரிய கீழ்ப்படியிலேயே நிறுத்துகின்றது.

இதனை இயாகோ நன்குணர்ந்தவன் என்பதற்கு முதற்காட்சியே சான்று. எசமானுக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்து, முதுமையில் துரத்தப்படும் ஊழியரைப் பற்றி அவன் பேசுகின்றான். அத்தகையோர்க்கு இவ்வடைமொழியையே சூட்டி, அவர்கள் சவுக்கடிக்கு உரியவர் என்கின்றான். அவனது அகராதியில் இச்சொல்லுக்குப் பொருள் ‘ஏமாளி’ என்பதே. பின்னர், வெளித்தோற்றத்தை நம்பி மனிதரை இவ்வாறு மதிப்பிடும் ஒதெல்லோவைக் கழுதையைப்போல் மூக்கிற் பிடித்து இழுத்துச் செல்லலாம் எனத் தனிமொழியிற் கூறுகின்றான். தன்னைச் சிறுமைப்படுத்திய சொல்லையே அவன் ஆயுதமாக்குகின்றான்.

‘யூலியஸ் சீசர்’ நாடகத்தில் அந்தோனி, புரூட்டசையும் அவன் கூட்டத்தாரையும் கௌரவமானவர்கள் எனத் திரும்பத் திரும்பக் கூறுவதோடு இதனை ஒப்புநோக்கலாம். அங்கு ஒருவன் ஒரு சொல்லைப் பலமுறை கூறி அதன் பொருளைத் தலைகீழாக்குகின்றான். கேட்போரும் அம்மாற்றத்தை உணர்கின்றனர். இங்கோ பலர் ஒரு சொல்லைப் பலமுறை கூறுகின்றனர். பொருள் மாறுவதை அவையோர் உணர்கின்றனரேயன்றிக் கூறுவோர் உணர்வதில்லை. முன்னையது பேச்சுக்கலையின் வெற்றி. பின்னையது பழக்கத்தின் குருட்டுத்தன்மை.

3. தராசின் இரு தட்டுகள்

இயாகோவைப் பற்றிய இந்த முரணணி வெளிப்படையானது. பொய்யனை எல்லோரும் மெய்யன் என்கின்றனர் என்பதைப் புரிந்துகொள்வதற்கு நுண்ணாய்வு தேவையில்லை. நாடகத்தின் உயிர்நிலை, இதே சொல் தெஸ்திமோனாவின்மீது வந்து விழும் இடத்திலேயே உள்ளது.

முதலாம் அங்கத்திலேயே இதற்கு வித்திடப்படுகின்றது. மனைவியின் உண்மைத்தன்மைக்குத் தன் உயிரையே பணயம் வைப்பதாக ஒதெல்லோ கூறுகின்றான். அதே மூச்சில் இயாகோவை இவ்வடைமொழியால் விளித்து, அவளை அவன் பொறுப்பில் ஒப்படைக்கின்றான். இருவர்மீதும் வைத்த நம்பிக்கைகள் அக்கணத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்றையொன்று இன்னும் எதிர்க்கவில்லை.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் அவை மோதுகின்றன. கசியோ அத்தகையவன் அல்லனா என ஒதெல்லோ கேட்கின்றான். இயாகோ விடைகூறாது அச்சொல்லையே வினாவாக்கித் திருப்பிக் கூறுகின்றான். ஒதெல்லோ மீண்டும் அதனையே கூறுகின்றான். யாதொரு குற்றச்சாட்டும் இன்னும் எழவில்லை; ஒரு சொல் இருவருக்கிடையே எதிரொலிப்பது மாத்திரமே நிகழ்கின்றது. ஆனால் அவ்வெதிரொலியில் சொல் ஆட்டங்காணத் தொடங்குகின்றது. கசியோவின் நாணயத்தைப் பற்றி எழுந்த வினா, சிறிது நேரத்தில், தெஸ்திமோனா அத்தகையவளே என்று ஒதெல்லோ தனக்குத்தானே உறுதி கூறிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றது. சொல் மாறவில்லை, ஆணிடமிருந்து பெண்ணிடம் சென்றபோது பொருள் மாறிவிட்டது. வேறு சொல் வேண்டியிருந்தால், அங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க நேர்ந்திருக்கும். ஒரே சொல்லாக இருந்தமையால் ஐயம் தடையின்றி வழுக்கிச் சென்றது.

இங்கு மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஆணின் நாணயத்தை அவன் பேச்சையும் செயலையும் கொண்டு ஓரளவுக்கேனும் சோதிக்கலாம். பெண்ணின் கற்பைச் சோதிப்பது எவ்வாறு? அது நிகழாத ஒன்றுக்குச் சான்று கேட்பதாகும். அத்தகைய சான்றை எவராலும் தர இயலாது. எனவே அவளைப் பற்றிய தீர்ப்பு இன்னொருவரின் வாக்கில் தங்கவேண்டியதாகின்றது. அவ்வாக்கோ, ஆணுக்குரிய பொருளில் இவ்வடைமொழியைப் பெற்ற இயாகோவின் வாக்கு. அவன் அத்தகையவன் ஆயின், அவள் அத்தகையவள் அல்லள். தராசு இதுவே. ஒரு தட்டில் ஏற்றிய மதிப்பு மற்றத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகின்றது.

இத்தராசின் அசைவை ஒதெல்லோவின் சொற்களிலேயே தொடர்ந்து காணலாம். ஐயத்தில் தத்தளிக்கும் நிலையில், மனைவியை அத்தகையவள் எனவும் அல்லள் எனவும் மாறிமாறி எண்ணுவதாக அவன் கூறுகின்றான். அவ்விடத்தில் இயாகோவைப் பற்றிய ஐயத்துக்கு அவன் பயன்படுத்துவது ‘நீதியானவன்’ என்னும் வேறொரு சொல்லை. நாம் ஆராயும் சொல் அக்கணத்தில் மனைவியிடம் இருக்கின்றது. நான்காம் அங்கத்தில் அவளையே அச்சொல்லின்மீது ஆணையிடச் செய்கின்றான், ஆணையிட்டும் நம்புகின்றானில்லை. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், கசியோவின் அலறலைக் கேட்டு, இயாகோ அவனைக் கொன்றுவிட்டான் எனக் கருதிப் பாராட்டும்போது, ‘நீதியானவன்’ என்ற சொல்லும் இவ்வடைமொழியும் சேர்ந்தே இயாகோவுக்கு வழங்கப்படுகின்றன. தெஸ்திமோனாவின் தட்டில் எதுவும் எஞ்சவில்லை. அவள் கொலையுண்ணப் போகின்றாள் என்பதைச் சொல்லின் இடப்பெயர்ச்சியே அறிவித்துவிடுகின்றது.

இதே அங்கத்தில், பலராலும் இழிவாக நோக்கப்படும் பியாங்கா என்பவள், தன்னைப் பழிக்கும் எமிலியாவுக்கு எதிராக, தானும் அவளைப்போல இவ்வடைமொழிக்கு உரியவளே என வாதிடுகின்றாள். கேட்பார் எவருமில்லை. எனினும், அச்சொல்லைப் பெண் ஒருத்தி தனக்கென உரிமைகோருவது சேக்ஸ்பியர் வேண்டுமென்றே அமைத்ததாகலாம்.

4. கௌரவமும் அதன் உடன்பிறப்பும்

கொலைக்குப் பின்னர் எமிலியாவிடம் இச்சொல்லை இரட்டித்து அவள் கணவனுக்குச் சூட்டுகின்றான் ஒதெல்லோ. இரட்டிப்பில் உறுதி தெரியவில்லை. சரிந்துவரும் கட்டிடத்துக்கு முட்டுக்கொடுப்பவனின் அவசரமே தெரிகின்றது. கைக்குட்டையைப் பற்றிய உண்மையை எமிலியா வெளியிட்டதும் அடைமொழி இயாகோவை விட்டு நீங்குகின்றது. அதன்பின் அவனுக்குக் கிடைப்பவை வசைச்சொற்கள் மாத்திரமே.

தன் வாள் பறிக்கப்பட்ட நிலையில், நேர்மை இறந்தபின் கௌரவம் ஏன் வாழவேண்டும் என்ற கருத்துப்பட ஒதெல்லோ வினவுகின்றான். ஒரு வேரிற் பிறந்த இரு சொற்களையும் அவ்வினா எதிரெதிரே நிறுத்துகின்றது. அங்கே இறந்துவிட்ட நேர்மை எவருடையது? நம்பியிருந்த நண்பனின் நாணயமா, கொன்ற மனைவியின் கற்பா, அவ்விரண்டையும் பிரித்தறியத் தவறிய தன் மதிப்பீடா? மூன்றும் அச்சொல்லில் அடங்கும். கௌரவத்தின் பெயராற் கொலைசெய்தவன், கௌரவம் வெறும் வெளிக்கூடாக நிற்பதை இறுதியிற் காண்கின்றான்.

5. விமரிசகர் நோக்கு

ஒதெல்லோவின் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்னும் வினா திறனாய்வாளரை நெடுங்காலம் ஈர்த்துவந்துள்ளது. 1904இல் ஏ. சி. பிராட்லி, இயாகோவை எல்லோரும், அவன் மனைவியும்கூட, நம்பியிருந்தமையைச் சுட்டி, ஒதெல்லோவின் நம்பிக்கையை மடமையெனக் கொள்ளலாகாது என வாதிட்டார். 1937இல் எவ். ஆர். லீவிஸ் இதனை மறுத்து, ஒதெல்லோ அத்துணை விரைவில் இணங்கியமைக்கு அவனது தன்முனைப்பே காரணம் என்றார். ஒருவர் வில்லனின் ஆற்றலையும் மற்றவர் தலைவனின் குறையையும் வற்புறுத்தினர். எம்ப்சன் இவ்விருவரினின்றும் விலகிச் சொல்லின்மீது கவனத்தைத் திருப்பியமை பெரும் பேறெனலாம். இயாகோவின் குணவியல்பை அச்சொல்லின் பல்வேறு சாயல்களால் விளக்கமுடியும் என்பதை அவர் நிறுவினார்.

ஆயினும் எம்ப்சனின் ஆய்வில் நடுவிடம் இயாகோவுக்கே உரியது. ஆணுக்குரிய பொருளின் வளர்ச்சியே அங்கு விரிவுபெறுகின்றது. சொல்லின் இரட்டை அளவுகோலால் உயிரிழப்பவள் தெஸ்திமோனா என்பதைக் கருதும்போது, அவள் பக்கத்துத் தட்டையும் சமமாக நோக்குதல் இன்றியமையாதது. தனிமனிதரின் குணக்கேட்டால் மாத்திரம் இவ்வவலம் நிகழ்ந்ததன்று. ஆண் பெண் இருவரையும் ஒரே சொல்லால் மதிப்பதாகத் தோன்றிக்கொண்டு, வெவ்வேறு நீதியால் அளந்த ஒரு சமூகத்தின் மொழியே இயாகோவின் கையிற் கருவியாகக் கிடந்தது. மனைவியர் தவறினால் அதற்குக் கணவரே காரணம் என்றும், மனைவியர்க்கும் கணவரைப்போல உணர்ச்சிகள் உண்டென்றும் எமிலியா நான்காம் அங்கத்தின் இறுதியிற் கூறுவது, அவ்விரட்டை நீதியை நாடகத்துக்குள்ளேயே கேள்விக்குள்ளாக்குகின்றது.

6. தமிழில்

இந்நாடகத்தைத் தமிழிற் படிப்போரும் பெயர்ப்போரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இங்கேயே தோன்றுகின்றது. இயாகோவுக்கு ‘நேர்மை’ எனவும் தெஸ்திமோனாவுக்குக் ‘கற்பு’ எனவும் பெயர்த்தால், ஒவ்வோரிடத்திலும் பொருள் சரியாகவே அமையும். ஆனால் தராசு முறிந்துவிடும். நாணயத்தைப் பற்றிய வினா கற்பைப் பற்றிய ஐயமாக வழுக்கிச் செல்வதைத் தமிழ் வாசகர் காணார். ‘நேர்மை’யையே இருவருக்கும் வைத்தாலோ, மனைவியை நோக்கிய ஒதெல்லோவின் வினா, அவள் களவெடுத்தாளா எனக் கேட்பதுபோல் ஒலிக்கும்.

‘உத்தமன், உத்தமி’ என்ற இணை பொருத்தமானதாகத் தோன்றலாம். பெண்ணைக் குறிக்கும்போது கற்பையும் ஆணைக் குறிக்கும்போது நற்பண்பையும் அது இயல்பாகவே உணர்த்துகின்றது. ஆனால் அது உயர்ந்தோர்க்குரிய சொல். கீழ்ப்பட்டவனைத் தட்டிக்கொடுக்கும் தொனி அதில் இல்லை. ‘விசுவாசம்’ என்பதில் அத்தொனி உண்டு. ஊழியனுக்கும் மனைவிக்கும் அதனை ஏற்றிக் கூறலாம். ஆயின் உண்மை பேசுதல் என்ற பொருள் அதிற் குன்றிவிடுகின்றது.

இவற்றினும் ‘யோக்கியம்’ என்ற பேச்சுவழக்குச் சொல் நெருங்கிவருகின்றது. அதுவும் தகுதி என்ற பொருளிலிருந்து தோன்றியது. யோக்கியன் என ஒருவனைக் கூறும்போது நாணயமும், யோக்கியமானவள் என ஒருத்தியைக் கூறும்போது ஒழுக்கமும் முன்னிற்கின்றன. சமமானவரையும் கீழோரையும் குறித்துச் சொல்லத்தக்க எளிமையும் அதற்கு உண்டு. குறைகளும் இல்லாமலில்லை. இன்றைய வழக்கில் அச்சொல் எளிதில் ஏளனமாக மாறிவிடுவதால், அவையோர் முதலிலேயே ஏளனத்தைக் கேட்கக்கூடும். கௌரவத்தோடு அதற்குப் பிறப்புறவு இல்லாமையால் ஐந்தாம் அங்கத்தின் அந்த வினா வலுவிழக்கும். இலக்கிய நடைக்கு அது தாழ்ந்தது என்பாரும் உளர். ஆனால் மூலச்சொல்லும் சந்தையிலும் பாசறையிலும் வழங்கிய சாதாரணச் சொல்லே. எச்சொல்லைத் தெரிந்தாலும், கூறியது கூறல் என்னும் குற்றத்துக்கு அஞ்சி அதனை இடத்துக்கிடம் மாற்றாதிருத்தலே மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளவேண்டிய முதல் விதி. இந்நாடகத்தில் திரும்பக் கூறலே நாடகச் செயலாகும்.

தமிழில் இரு சொற்கள் இருப்பதனால் நமது அளவுகோல் நேரியது என ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் இரட்டை நீதியை ஒளித்துவைத்தது. தமிழ் அதனை இரு சொற்களாக்கி, ஒன்றை ஆணிடம் எக்காலத்திலும் கேளாது விட்டது. கற்பை இருபாலார்க்கும் பொதுவில் வைக்குமாறு பாரதி பாட நேர்ந்தது இதனாலேயே. ஒருவரைப் பாராட்டும் சொல் எந்த அளவுகோலைத் தன்னுள் கொண்டிருக்கின்றது, அப்பாராட்டு வேறு யாரிடமிருந்து எதனைப் பறிக்கின்றது என்று கேட்கும் பழக்கத்தை ஒதெல்லோ கொண்டிருந்தானாயின், தெஸ்திமோனா உயிரோடிருந்திருப்பாள். இலக்கியத்திற் சொல்லாராய்ச்சி வேண்டப்படுவது அப்பழக்கத்தை வளர்ப்பதற்காகவேயாம்.